கேஸ் டியூப் பேனா

கேஸ் டியூப்பை நாலரை அங்குலத்துக்கு நறுக்கி மேஜைமேல் வைத்ததுமே நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துபோயிற்று, இது சரிப்பட்டு வரும், சாரதாவின் கையில் இது நிற்கும் என்று. மோட்டார் பம்பு கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் டர்னராக லேத் முன்னால் நின்ற மனுஷனுக்கு எது பிடிமானம், எது வழுக்கல் என்று யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கிடக்கிறதே, அதே ஆரஞ்சு ரப்பர் குழாய்தான். மெத்தென்றிருக்கிறது, மேலே வரிவரியாகச் சொரசொரப்பு, கனம் என்று ஒன்றுமே இல்லை. சுவரில் ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன்னால் துளையில் சொருகுவார்களே பிளாஸ்டிக் பிளக், அதை இரண்டு பக்கமும் தட்டி இறக்கி, நடு ஓட்டையில் சாதா ரீஃபில் ஒன்றை விட்டு, முனைக்கு ஒரு பித்தளை நட்டைப் போட்டால் தீர்ந்தது. லேத்தை ஓட்டக்கூட வேண்டாம். காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. இதற்கா மூன்று மாசம்? யாராவது கேட்டால் என்னடா சொல்லுவாய் நாச்சிமுத்து? யாரும் கேட்க மாட்டார்கள். ரிட்டயர்டு ஆனவன், பொண்டாட்டிக்காகப் பட்டறையே கதியென்று கிடக்கிறான், பாவம் என்றுதான் வீதியில் பேச்சு. எதிர்வீட்டு அம்மா அன்றைக்குக்கூட, "உங்களாட்டம் பாத்துக்கறதுக்கு யாருக்குங்க குடுத்து வெச்சிருக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மணி பத்தரை இருக்கும். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கிற கதவு திறந்துதான் இருக்கிறது. மார்கழியிலிருந்து அது மூடுவதேயில்லை. சாரதாவுக்கு அப்படி ஆன பிற்பாடு, தாழ்ப்பாளையே கழற்றிப் போட்டுவிட்டார். இங்கிருந்து பார்த்தால் கட்டிலின் கால்மாடும், போர்வைக்குள் அவள் பாதம் இரண்டும் தெரியும். ஃபேன் கிறுக் கிறுக்கென்று ஓடும். வலது பாதம் சாய்ந்தபடி கிடக்கும். இருபத்தெட்டு வருஷம் ரெண்டாம் வகுப்பு டீச்சர், நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவள். இப்போது வலது கை பாதிக்குமேல் தூக்க வராது, வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது, நாக்கு புரளவில்லை, தண்ணி என்று சொல்ல வந்தால் அ அ என்றுதான் வருகிறது. ஆனால் உள்ளே மனுஷி அப்படியே இருக்கிறாள். பேப்பரை முன்னால் பிடித்தால் வரிவரியாக வாசிக்கிறாள், கண் ஓடுவது தெரிகிறது. காலண்டர் தாளைக் கிழிக்காமல் விட்டால் கையைக் காட்டிக் கிழிக்கச் சொல்கிறாள். எல்லாம் நினைப்பிருக்கிறது அவளுக்கு. எல்லாமே என்றால் எல்லாமேதான். அதுதானே அவருக்குச் சோறு இறங்காமல் செய்கிற சங்கதி. பிளக்கைக் குழாய் வாயில் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். இன்னொரு தட்டு. உள்ளே போய் அழகாக உட்கார்ந்துகொண்டது, சனியன், முதல் தடவையிலேயே.

பேனா வேண்டுமென்று முதலில் சொன்னது பிசியோதெரபிக்கு வருகிற ஜெனிட்டா. மாசி மாசம் அது. "அங்கிள், ஆன்ட்டிக்குப் பேச்சு வர நாளாகும். இடது கையால எழுத வெச்சுப் பாத்தேன், வெறும் கிறுக்கல்தான். வலது விரல்ல கொஞ்சம் அசைவு வந்திருக்கு, தடிப்பா ஒரு பேனா கொடுங்க, எழுதிக் காட்டுவாங்க. கிடைக்கலைன்னா சாதா பேனாவுல துணியைச் சுத்திக் கட்டுங்க, அது போதும்" என்றது அந்தப் பெண். துணியைச் சுத்துவதாமே! அவருக்கு அப்போது ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது மாதிரி ஒரு வேகம். "வூட்லயே லேத்தை வெச்சுட்டுத் துணியைச் சுத்தறதா? நல்லாருக்குதும்மா கதை. நானே செஞ்சு தர்றேன், பாரு" என்று அலமாரியைத் திறந்து காட்டினார். செம்புக் குழாயில் ஒன்று, அறுகோண போல்ட்டைக் குடைந்து ஒன்று, பைப் லைன் வால்வின் தண்டில் ஒன்று, சைக்கிள் ஆரக்காலை வளைத்துக் கிளிப் போட்டது ஒன்று என்று அறுபது பேனாவுக்குக் குறையாது. ரிட்டயர்டு ஆனதிலிருந்து ஹார்டுவேர்க் கடையில் அவர் கண்ணுக்குப் படுவதெல்லாம் பேனாதான். பழைய கம்பெனிக்காரர்கள் பேனாக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். ஜெனிட்டா வாயைப் பிளந்தது. சாரதா கட்டிலிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் வீறாப்பெல்லாம் வடிந்து, ஐயோ, எழுதப்போகிறாள் என்று நெஞ்சில் தைத்தது. வாயை விட்டாயே, அந்தப் பெண்ணையே துணியைச் சுத்தச் சொல்லியிருந்தால் உன் தலையில் விழுந்திருக்காதே என்று ஒரு நினைப்பு, இல்லையில்லை, நீ செய்வதாகச் சொன்னதுதான் நல்லது, உன் கையிலிருந்தால் உன் இஷ்டம் என்று இன்னொரு நினைப்பு. அந்த ரெண்டாவது நினைப்பை அப்போதே கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டார். அலமாரியைச் சாத்திவிட்டுக் காப்பி போடப் போனார்.

முதல் பேனாவைப் பித்தளையில் செய்தார். பளபளவென்று தங்கம் மாதிரி இருந்தது. கையில் வைத்ததுமே அவள் மணிக்கட்டு தொங்கிவிட்டது. ஏனப்பா, சீக்குக்காரிக்குப் பித்தளையா என்று கம்பெனியில் யாரேனும் செய்திருந்தால் பிடித்து ஏசியிருப்பார். அடுத்ததை அலுமினியத்தில் செய்தார், கனமில்லை, ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டார், விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. வழுக்கக் கூடாதென்று அதற்கடுத்ததில் பல்லுப்பல்லாகக் கீறல் வெட்டினார், அது அவள் தோலைச் சுரண்டி ரத்தம் எட்டிப் பார்த்தது. ஒன்றில் ரீஃபிலுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க மறந்து, அமுக்கினால் முனை உள்ளே போய் ஒளிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவன்கூடச் செய்ய மாட்டான் அந்தத் தப்பை. தெரிந்தே செய்யவில்லை. மருதமலை முருகன்மேல் ஆணையாகத் தெரிந்தே ஒன்றைக்கூடக் கெடுக்கவில்லை. மைக்ரோமீட்டர் பிடித்து முடி கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வேலை பார்த்த கை, வீட்டுக்காரிக்கு ஒரு பேனா என்றால் மட்டும் ஏன் இப்படிக் கோட்டை விடுகிறது என்று உட்கார்ந்து யோசித்தால்தானே தெரியும். அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் மூன்று விரலையும் குவித்துப் பிடித்து, உதட்டைக் கடித்து, ஒரு கோடு இழுப்பதற்குள் பேனா நழுவித் தரையில் விழுந்து உருளும். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கும். ஐயோ என்று இல்லை. அப்பாடா என்று. கேட்டீர்களா கதையை, அப்பாடா என்று! அப்புறம் கட்டிலுக்கடியில் குனிந்து பேனாவைத் தேடுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு, "அடுத்ததுல சரி பண்ணிப்போடலாம் புள்ள" என்பார். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கும். ஆறு பேனா இப்படியே போயிற்று.

பிளக்கின் ஓட்டையில் ரீஃபிலை நுழைத்தார். இறுகியது. நட்டை எடுத்துத் திருகினார். மரை மேல் மரை பிடிக்கிற அந்த மெல்லிய உராய்வு விரலில் தட்டியதும், போ, மறுபடியும் அந்த நாள். மரை என்றாலே அந்த நாள்தான். மார்கழி இருபது, பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். லேத் ஓடிக்கொண்டிருந்தது, கூட்டாளி மகன் கல்யாணத்துக்குக் கொடுக்கவென்று செம்புப் பேனா ஒன்று, மூடிக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "ஏனுங்க, ஒரு நிமிசம் வாங்களே" என்றாள். கேட்டது. மிஷின் சத்தத்துக்கு மேல் தெளிவாகக் கேட்டது. குரலில் ஒரு மாதிரி இழுவை இருந்ததோ? இருந்தது. இல்லை, பிற்பாடு நினைத்துப் பார்த்ததால் இருந்த மாதிரி இருக்கிறதோ? "இரு புள்ள, வர்றேன், மரை வெட்டிட்டு இருக்கறனில்ல" என்று சத்தம் கொடுத்தார். மரை வெட்டும்போது பாதியில் விட்டால் கெட்டுப்போகும். பொய். விடலாம். விட்டுவிட்டுப் போய், வந்து, அதே இடத்தில் திரும்பப் பிடிப்பதற்கென்றே மிஷினில் டயல் வைத்திருக்கிறான், ஆயுசெல்லாம் அதைத் திருப்பினவனுக்குத் தெரியாதா? மரையை முடித்தார். நன்றாக வந்திருந்தது. மூடியைப் போட்டுப் பார்த்தார், வழவழவென்று இறங்கியது, அந்தச் சந்தோஷத்தில் பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டாள் என்பதே மறந்துபோயிற்று. மனுஷனா நீ? வயிறு பசித்தபோதுதான் ஞாபகம் வந்து உள்ளே போனால் மணி ஒன்றரை. சமையலறை வாசலில் ஒருக்களித்துக் கிடக்கிறாள், கண் திறந்திருக்கிறது, இடது கை மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மறதி, கெட்ட நேரம் என்று மனசைத் தேற்றியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு மூன்று மணிக்குக் கொண்டுபோயாயிற்று. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா இவங்க எப்ப நல்லா இருந்தாங்க?" பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாள் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரை வந்தது. கூடவே எதிர்வீட்டு அம்மா நிற்கிறாள், ஆட்டோக்காரர் நிற்கிறார். கூப்பிட்டும் போகலையா என்று கேட்டுவிடுவார்களோ என்று ஒரே ஒரு நொடி, அந்த ஒரு நொடி வெட்கத்தில், "காலைல எட்டு மணிக்கு டிபன் வெச்சாங்க, அதுக்கப்புறம் நான் பாக்கலீங்க" என்றார். டாக்டர் நர்ஸைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்குதுங்க. எட்டு மணின்னா தாண்டிருச்சு, இனி போட முடியாது" என்றார். போட்டிருந்தால் கட்டாயம் எழுந்திருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் கூடும் என்றார்கள். அப்போதாவது, ஐயா, நான் பொய் சொல்லிவிட்டேன், பன்னிரண்டு மணிக்கு நன்றாகப் பேசினாள் என்று காலில் விழுந்திருக்கலாமே. நாக்கு எழவில்லை. அவளுக்கு நாக்கு எழாமல் போனது ரத்தக் கட்டியால், உனக்கு எதனால்? சாயங்காலம் ஓசூரிலிருந்து மகள் கோகிலா அலறிக்கொண்டு வந்தாள். அவளிடமும் அதேதான், "மிஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை சாமி." கோகிலா அவர் தோளில் சாய்ந்து, "நீங்க என்னப்பா பண்ணுவீங்க" என்று அழுதாள். கட்டிலில் சாரதா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதிலிருந்து அவருக்கு ஒரே பயம், கை பிடிபட்ட அன்றைக்கு அவள் எழுதப் போகிற முதல் வார்த்தை. கூப்பிட்டேன் என்று எழுதுவாள். இரு வர்றேன்னு சொன்னீங்க என்று எழுதுவாள். கோகிலா அதைப் படிப்பாள். நடுவில் ஒருநாள் ஜெனிட்டா எழுத்து அட்டை ஒன்று கொண்டுவந்தது. விரலால் தொட்டுக் காட்டினால் போதுமாம். இங்கிலீஷ் என்றால் இருபத்தாறோடு போயிற்று, தமிழில் இருநூற்று நாற்பத்தேழையும் ஒரே அட்டையில் அடைத்தால் கடுகு கொட்டின மாதிரி இருந்தது. சாரதா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு இடது கையால் தட்டிவிட்டாள். அன்றைக்கும் அப்பாடாதான் அவருக்கு. ஆனால் அட்டை எதற்கு, பேனா எதற்கு, அவள்தான் கையாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறாளே. மாசியிலிருந்தே. சாப்பாட்டுத் தட்டோடு அவர் போய் உட்கார்ந்தால் போதும், இடது கையைத் தூக்கித் தன் வலது கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். ஒரு தடவை, ரெண்டு தடவை, அவரையே பார்த்துக்கொண்டு. வகுப்பில் தப்புச் செய்த பிள்ளையைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, கன்னத்துல போட்டுக்கோ, இனி செய்ய மாட்டேன்னு சொல்லு என்பாளாம். அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதைத்தான் இப்போது தனக்குச் சொல்கிறாள் என்று முதல் நாளே அவருக்குப் புரிந்துபோயிற்று. தப்புப் பண்ணினவன் நீ, போட்டுக்கோ கன்னத்தில். கஞ்சியை ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பாதி வெளியே வழிகிறது, அவர் கையால் சாப்பிடக்கூட அருவருப்பாகிவிட்டது அவளுக்கு. மெலிந்துகொண்டே போகிறாள். ஜெனிட்டாகூட ஒருநாள், "ஆன்ட்டி ஏன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாங்க?" என்றது. "வாய் கோணிப்போச்சேன்னு வெசனப்படறா, வேறென்ன" என்று அவரே பதில் சொல்லி அனுப்பினார். கோகிலா கேட்டபோதும் அதேதான். சாரதா அன்றைக்குத் தலையை ஆட்டி ஆட்டி அ அ என்று கத்தினாள். அவர் தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வந்துவிட்டார்.

நேற்று கோகிலா போனில், "அப்பா, உங்க பேனா ஆனபாடு ஆகட்டும். கை வராதவங்களுக்குன்னே தடிப் பேனா விக்குது, ஆர்டர் போட்டு வாங்கிட்டேன். நாளன்னைக்கு நானே கொண்டுவர்றேன், அம்மா என்ன சொல்றாங்கன்னு பாத்துரலாம்" என்றாள். பாத்துரலாமாம். அன்று முழுக்க அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. இன்றைக்குக் காலையில் கேஸ் டியூப் மாற்றுகிற ஆள் வந்துவிட்டுப் போனபின் பழைய குழாய் மூலையில் கிடந்ததைப் பார்த்தபோதுதான், எப்படியும் எழுதத்தான் போகிறாள், நாளைக்கு மகள் முன்னால் எழுதுவதற்கு இன்றைக்கு உன் முன்னால் மட்டும் எழுதட்டுமே என்று தோன்றியது. எழுதினால் படித்துவிடலாம். படித்துவிட்டுக் காலில் விழலாம். கோகிலாவிடம் சொல்ல வேண்டாம் புள்ள என்று கெஞ்சலாம். தாளைக் கிழித்து அடுப்பில் போடலாம். இவ்வளவு கீழ்த்தரமாகவும் யோசிக்க முடியுமா ஒரு மனுஷனால்? முடிகிறதே. நட்டை இன்னொரு சுற்று முடுக்கி, பழைய பேப்பரில் கிறுக்கிப் பார்த்தார். நீலக்கோடு வழுவழுவென்று ஓடியது.

வாசல் கதவைத் தாழ் போட்டார். பரீட்சை அட்டையில் வெள்ளைத்தாளைச் செருகினார். சாரதாவின் முதுகுக்கு ரெண்டு தலையணை கொடுத்து உட்கார வைத்தார். அவள் பேனாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஆரஞ்சுக் குழாயை அடையாளம் தெரிந்து, கோணின வாயோடு ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. விரல் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் குழாய்மேல் வைத்தார். அவர் விரல்தான் குளிர்ந்திருந்தது. கையை எடுத்தார். பேனா அவள் விரலிலேயே இருந்தது. "எழுது சாரதா. என்ன வேணும்னாலும் எழுது. நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, திரும்ப மேலே ஒரு கோடு இழுத்தாள். ப. பாவி. பாவி என்றுதான் எழுதப்போகிறாள். சரி, எழுதட்டும், அதுவே குறைச்சல்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாளில் பேனா உரசுகிறது, நிற்கிறது, உரசுகிறது. ஃபேன் ஓடுகிறது. வெளியே ஒருத்தன் உப்பு விற்றுக்கொண்டு போகிறான். உரசல் நின்று வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது. அட்டை அவர் முழங்காலில் வந்து இடித்தது.

கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி, ஆனால் புள்ளி முதற்கொண்டு விடாமல் எழுதியிருந்தாள். பல் வலி. அவ்வளவுதான். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். "பல்லா?" என்றார். அவள் இடது கையைத் தூக்கி வலது கன்னத்தில் போட்டாள், ஒரு தடவை, ரெண்டு தடவை. அவர் செல்போன் விளக்கைப் போட்டு அவள் வாயை மெதுவாகத் திறந்து பார்த்தார். தொங்கிப்போன அந்தப் பக்கம், கீழே, கடைசிப் பல் பாதி உடைந்து கறுத்து, ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் அவருக்குத் தெரிந்ததுதான், மாத்திரை வாசம் என்று நினைத்திருந்தார். "எத்தனை நாளா புள்ள?" அவள் அட்டையை இழுத்து 3 என்று போட்டாள். "மூணு நாளா?" இல்லையென்று தலையை ஆட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் எழுதினாள். மாசம்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாசம். பித்தளை, அலுமினியம், பாலிஷ், கீறல். தினம் மூன்று வேளை அந்தப் பல்மேலேயே சுடச்சுடக் கஞ்சியை ஊற்றியிருக்கிறார். வலிக்குதா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பாள். கேட்கவில்லை, கேட்காமலே எல்லாம் தெரிந்துவிட்டது அவருக்கு. "ஐயோ சாரதா, நான் வேறென்னமோ..." என்று ஆரம்பித்தவருக்கு நிறுத்த வரவில்லை. "அன்னைக்கு நீ கூப்ட்டது என்ற காதுல உழுந்துச்சு புள்ள. இரு வர்றேன்னு சொன்னது நான்தான். டாக்டர்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன், எட்டு மணின்னு. நெசத்தைச் சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. நீ எந்திரிச்சிருந்தாலும் எந்திரிச்சிருப்பே. எழுதிக் காட்டிருவியோன்னு பயந்துதான், அதனாலதான் பேனா..." கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேவினார். அவள் கேட்டாள். முழுக்கக் கேட்டாள். ஊசி என்ற இடத்தில் மட்டும் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினார், இருந்தால் நன்றாக இருக்குமென்று தேடினார். வலி ஒன்றுதான் இருந்தது, மூன்று மாசமாக அங்கேயே இருந்த வலி. அவள் பேனாவைக் குழாயோடு இறுக்கிப் பிடித்து அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். வலி என்று எழுதியிருந்ததற்கு அடியில் ஒரு கோடு போட்டாள். அவர் இன்னும் எழுந்திருக்காமல் அழுதுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயே இன்னொரு கோடு போட்டாள்.